இரவல் பட்டில் வேலை கேட்டுப் போனது

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பமும், மகளின் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதமும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற நான், முகம் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு எழுதிவிட்டால்தான் கை அடங்கும் என்று தோன்றியது.

மகளின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வேலை தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள் என்று, கோட்டு போட்ட ஒருவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார். விண்ணப்பத்தில் பிழை இருக்கக் கூடாது, பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், பழைய முதலாளியைக் குறை சொல்லக் கூடாது. எல்லாம் சரிதான். அவர் சொன்ன தவறுகளில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. செய்யும் அளவுக்கு யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் செய்த தவறுகள் வேறு. எங்கள் ஊரில் பட்டுக்கடை வேலையில் இருந்த ஒருத்திதான் அவற்றைச் செய்ய முடியும்.

பதினான்கு வருடம் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் இருந்தேன். விற்பனையில் இல்லை. நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை நீள மேசையில் விரித்து, முந்தியிலிருந்து மறு கடைசி வரை பார்ப்பதுதான் என் வேலை. எங்காவது இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, சாயம் நடுவில் ஒரு சாயல் மாறியிருக்கிறதா. குறை இருந்தால் அந்த இடத்தில் ஊசியால் ஒரு மஞ்சள் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, மடித்துக் கீழே அனுப்பிவிடுவேன். கீழே மேற்பார்வையாளர் நூலைப் பார்த்து, நெய்தவரிடம் பேசிக்கொள்வார். அங்கே சில நாள் சத்தம் கேட்கும். அழுகை மாதிரிகூடக் கேட்டிருக்கிறது. நான் அடுத்த புடவையை விரித்துக்கொள்வேன். நெய்தவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் மஞ்சள் நூலைத்தான் தெரியும், என்னைத் தெரியாது. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனி மாதக் கடைசியில் முதலாளியின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கடை மூடியது.

என் வீட்டுக்காரர் கல்யாண மண்டபங்களில் சமையல் குழுவோடு போகிறவர். முகூர்த்தம் இருந்தால் அவருக்கு வேலை, ஆடியில் முகூர்த்தமே கிடையாது. மகள் பி.காம். மூன்றாம் வருடத்தில் காலெடுத்து வைத்திருந்தாள். கட்டணம் கட்டும் நேரம். கடை மூடிய வாரத்திலேயே அவள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் பாகங்கள் செய்யும் கம்பெனி. அவளுடைய தோழி ஒருத்தி அங்கே சேர்ந்திருந்தாள்.

"ஆவணி பொறந்ததும் வர்ற திங்கக்கிழமை புதுசா ஆள் எடுக்குறாங்கம்மா. கம்பெனி பஸ்ஸு நம்ம தெரு முனைக்கே வருது. ஒரு வருஷம் போயிட்டு, அப்புறம் வந்து படிச்சிக்கிறேன்."

"அப்புறம் யாரு படிச்சிருக்காங்க?" என்றேன். எங்கள் கடையில் அப்படி ஒரு வருடத்துக்கு என்று வந்த பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை.

"அப்போ நீ திங்கக்கிழமைக்குள்ள ஒரு வேலை பாரு. நான் இதைக் கிழிச்சிப் போட்டுடறேன்" என்று சொல்லி, இரண்டு போட்டோவை ஒட்டி, விண்ணப்பத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் எங்கள் வீடு தெருவில் இரண்டாவது. விடியற்காலையில் அந்தக் கம்பெனி பஸ் முனையில் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும். முன்பெல்லாம் அது காதில் விழுந்ததே இல்லை. இப்போது அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டேன். திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்த ஹார்ன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியிருந்தும் முதல் பத்து நாள் நான் வீட்டைவிட்டு நகரவில்லை. பழைய மேற்பார்வையாளர் வேறு ஒரு கடைக்குப் போயிருந்தார். போகும்போது, "உன் வேலை எனக்குத் தெரியாதாம்மா? சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்புவார் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. உட்கார முடியவில்லை. பீரோவில் இருந்த துணியை எல்லாம் வெளியே எடுத்து, உதறி, கடையில் மடிக்கிற மடிப்பில் மடித்து அடுக்கினேன். அடுத்த நாள் திரும்ப எடுத்து மடித்தேன். போர்வை, துண்டு, வீட்டுக்காரரின் லுங்கி வரைக்கும் விற்பனைக்கு வைத்த மாதிரி அடுக்கியிருந்தது.

"என் லுங்கியில மஞ்சள் நூல் எதுனா போட்டு வெச்சிருக்கியா?" என்று அவர் கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாவது நாள் நானே அந்த மேற்பார்வையாளரின் கடை வாசல் வரை போனேன். உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை அருகில் நின்றேன். அவர் வெளியே வந்தால் தற்செயலாகப் பார்த்த மாதிரி பேசலாம் என்று ஏற்பாடு. அவர் வெளியே வந்தார், பைக்கில் ஏறினார், போனார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குள் இன்னொன்று கைநழுவியது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சேர்ந்த கடையிலிருந்து, அவள் போனிலேயே கூப்பிட்டு, நாளைக்கே வரமுடியுமா என்று கேட்டார்கள். ஆடியில் புது வேலையில் சேருவதா என்று எனக்குத் தயக்கம். "ஆடி போகட்டுங்களே" என்றேன். "ஆடித் தள்ளுபடிக்குத்தாம்மா ஆளே வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை. எடுத்தால் யாரோ பேசுவார்கள், நானும் பேச வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் மகள் என் போனைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரே நம்பர்லேர்ந்து நாலு மிஸ்டு கால் இருக்குது. யாரும்மா?"

"லோன் வேணுமான்னு கேக்குறவங்களா இருக்கும்."

"எடுத்துப் பாத்தாதானே தெரியும்?" என்று அவளே திரும்பக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல். "வேலைக்குக் கூப்பிட நாலு வாட்டி அடிச்சோம்மா. இப்பதான் வேற ஆள் வந்து சேர்ந்தாங்க."

மகள் போனை என் கையில் வைத்தாள். "அம்மா, இது கடிக்காதும்மா" என்றாள். பிறகு தன் பையை எடுத்துத் திறந்து, விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்து, மூடினாள்.

இதை எல்லாம் எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். வீட்டிலிருந்தபடியே புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள். தெருவில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவள்தான் போய்ப் பேசுவாள். "இந்த ஊருல யாராவது கூட்டினு போனாத்தான்டி வேலை. நீ தனியா போய் நின்னா உள்ள வுடுவானா? நான் வர்றேன். நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்" என்றாள். எனக்கு வரமே கிடைத்த மாதிரி இருந்தது.

அவள் சொன்னதும் உண்மைதான். எங்கள் ஊர்க் கடைகளில் முதல் கேள்வி உன் பெயர் என்ன என்பதில்லை. யார் கூட்டி வந்தது என்பதுதான். கூட்டி வந்தவர்தான் ஜாமீன். நாளைக்கு ஏதாவது ஆனால் அவரைத்தான் கேட்பார்கள்.

பஸ் நிலையம் பக்கம் ஒரு புடவைக் கடைக்குப் போனோம். மேனேஜர் சின்ன வயதுக்காரர், காதில் ஏதோ மாட்டியிருந்தார். எங்களிடம் பேசுகிறாரா, வேறு யாரிடமாவதா என்று எனக்குப் புரியவில்லை.

"யார் கூட்டினு வந்தது?"

"நான்தான் சார். எதிர்வூடு. பதினாலு வருஷம் பட்டுலயே இருந்தவ. வாய்தான் கொஞ்சம் வராது."

"சேல்ஸ்ல வாய்தானேம்மா வேணும்?"

"ஏன் சார், வர்றவங்க புடவை எடுக்க வர்றாங்களா, கதை கேக்க வர்றாங்களா?"

பக்கத்தில் ஓர் அம்மாள் பச்சைப் புடவையையும் நீலப் புடவையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, விற்பனைப் பெண்ணைச் சோர்வடையச் செய்திருந்தாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பச்சையை எடுத்து அந்த அம்மாளின் தோளில் போட்டாள். "நீலம் எல்லாரும் கட்டுவாங்கம்மா. இந்தப் பச்சை உன் நெறத்துக்குன்னே சாயம் போட்டா மாதிரி இருக்குது. கண்ணாடியைப் பாக்காத, உன் வீட்டுக்காரர் மூஞ்சியப் பாரு." கணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர்கள் பச்சையை எடுத்துக்கொண்டு பில் போடப் போனார்கள்.

மேனேஜர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "நீங்க வர்றீங்களாம்மா வேலைக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சும்மா எழுதிக்கிறேன். உங்களை யார் கூட்டினு வந்தது?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு மெதுவாக என்னைக் காட்டி, "இவதான்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை எனக்குத் தெரிந்த பதினெட்டு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. செவிலிமேட்டில் இறங்கியதும், "வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். "சேச்சே, போக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேனா என்று இப்போதும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து எல்லாத் துணியையும் மறுபடி வெளியே எடுத்தேன்.

அக்கா அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு அந்தக் குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். ஆடி முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒரு மாலை ஓடிவந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு. தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். புடவை பார்க்கிற அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நின்றுவிட்டாளாம். ஆடியானாலும் பரவாயில்லை, ஆள் வேண்டும் என்று சொன்னார்களாம்.

"இது உனக்குன்னே வந்த வேலை. வெள்ளிக்கிழமை காலையில போறோம். நான் அரை நாள் பர்மிஷன் போட்டுட்டேன். பட்டுக் கட்டினு வா."

"எங்கிட்ட ஏதுக்கா பட்டு?" என்றேன். என் கல்யாணப் பட்டை மகளுக்கு எட்டு வயதில் பாவாடை தைத்தாயிற்று. பதினான்கு வருடம் பட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு பட்டு கிடையாது. இதில் வருத்தம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

"பட்டு வூட்டுக்கு பாலியஸ்டர்ல போவியா? இரு" என்று தன் வீட்டுக்குப் போய் ஒரு கவரோடு வந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. "என் பையன் கல்யாணத்துக்கு சம்பந்தி வூட்டுல எடுத்துக் குடுத்தது. மாகறல்காரங்க. அசல் கைத்தறி, கோர்வை. ரெண்டு தபாதான் கட்டியிருக்கேன்."

விரித்துக் காட்டினாள். என் விரல் என்னைக் கேட்காமலே, உடலும் கரையும் சேரும் இடத்துக்குப் போனது. கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தனித்தனியாக ஓட்டிக் கையால் இணைப்பார்கள். அந்த இணைப்பு விரலுக்கு லேசாகத் தட்டும். இதில் ஒன்றும் தட்டவில்லை. ஒரே வழவழப்பு. முந்தியைத் திருப்பிப் பார்க்கத் தேவையே இல்லை. விசைத்தறிப் புடவை.

அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். "எப்படி?"

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

அந்தப் புடவை மூன்று நாள் என் வீட்டில் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவை அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் சொல்ல நினைத்தேன். என்னவென்று சொல்வது? உன் மகனுக்குப் பெண் கொடுத்தவர்கள் உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றா? மகள், "காட்டன்ல போம்மா, நீட்டா இருக்கும்" என்றாள். கட்டாமல் போனால் அக்கா ஏன் என்று கேட்பாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு வேலை தேடுகிற வேலையில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அலுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

பெருமாள் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் அந்த வீடு. கூடத்தில் பாய் விரித்து, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிய முதலாளி அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே நெசவாளர்கள் மூன்று பேர், துணியில் சுற்றிய புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு. இங்கே மேசை இல்லை, மாடி இல்லை என்பதை அப்போதே பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"யார் கூட்டினு வந்தது?"

"நான்தாம்மா" என்று அக்கா என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

அந்த அம்மா தன் பின்னால் இருந்த அடுக்கிலிருந்து மூன்று புடவைகளை எடுத்துப் போட்டார். பாயில் விரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. முதல் புடவையில் முந்திக்கு அருகே இழை விட்டிருந்தது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஓரமாகப் பொட்டளவு எண்ணெய்க் கறை.

"ஒரு ஊசியும் நூலும் குடுங்கம்மா."

"என்னாத்துக்கு?"

"குறை இருக்குற இடத்துல முடிச்சுப் போட."

"ஏன், வாயால சொல்லேன்."

சொன்னேன். பாய்க்குச் சொல்கிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கண்ணு இருக்குது" என்றார். அக்கா என் தொடையில் இடித்தாள். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு மகளின் பை ஞாபகம் வந்தது.

அப்போது அந்த அம்மா முன்னால் சாய்ந்து, என் முந்தியை இரண்டு விரலால் பிடித்தார். "இது எப்படி இருக்குது, சொல்லு."

மூன்று நெசவாளர்களும் என்னைப் பார்த்தார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள், தன் புடவையைப் பற்றிய பேச்சு அல்லவா.

"நல்ல புடவைம்மா."

"கைத்தறியா?"

அக்காவின் முழங்கை என் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா."

அவர் முந்தியை விட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது ஆடியது. "சரிம்மா. சொல்லி அனுப்புறேன்" என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா உற்சாகமாக இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "ஏன்டி, பேயறைஞ்சா மாதிரி நிக்குற? கண்ணு இருக்குதுன்னு சொன்னாங்களே."

"கிடைக்காதுக்கா."

"ஏன்?"

என்னால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. "இது கைத்தறி இல்லக்கா."

அக்கா என் இடுப்பிலிருந்த கொசுவத்தைப் பார்த்தாள், பிறகு முந்தியைப் பார்த்தாள், தானே கண்டுபிடித்துவிடப் போகிறவள் மாதிரி. "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீ பிரிச்சுக் காட்டினப்பவே."

"மூணு நாளா தெரியுமா? அப்புறம் அவங்க கேட்டப்போ ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியேக்கா."

அவள் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். திட்ட ஆரம்பித்தாள். "என் மானத்தைக் காப்பாத்தவா நான் அரை நாள் பர்மிஷன் போட்டு வந்தேன்? சம்பந்தியை நான் பாத்துக்கிறேன், அவளை எந்தக் கடைக்காரன் ஏமாத்துனானோ. உன் பொண்ணு திங்கக்கிழமை பஸ் ஏறப்போறா, நீ என்னாடான்னா புடவைக்குப் பரிஞ்சு பேசிக்கினு வந்திருக்க! போ. திரும்பிப் போய்ச் சொல்லு."

"நீயும் வாயேன்."

"நான் வந்ததுதானே வெனையே! நான் வரமாட்டேன். எனக்குக் கடைக்குப் போவணும்." பஸ் நிலையத்துக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினாள். "மிஷின் புடவைன்னு கண்டபடி கசக்காத. பத்திரமா கொண்டாந்து குடு!"

நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நிற்க முடியாமல்தான் நடக்க ஆரம்பித்தேன். தைரியத்தால் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்து முனை வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். கற்பூரக் கடைக்காரர், "கோயிலுக்கு இந்தப் பக்கம்மா" என்று வழி சொன்னார். அதற்கு மேல் அங்கே சுற்ற முடியவில்லை.

கூடத்தில் இப்போது ஒரு நெசவாளர்தான் மிச்சம். அவருடைய நீலப்புடவை பாயில் விரிந்து கிடந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, எதையாவது மறந்துவிட்டுப் போனாயா என்று கேட்டார்.

நின்றுகொண்டே சொன்னேன். "பொய் சொல்லிட்டேம்மா. இது விசைத்தறி. கூட வந்தவங்களுது. அவங்களுக்குத் தெரியாது. அவங்க எதிருல சொல்ல வாய் வரல."

"எனக்கு வாசல்ல பாத்தப்பவே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா."

"அப்போ எதுக்கு வந்த?"

முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் இறங்கிய குரலில் பேசினார். "இங்க மாடியில உக்காந்து முடிச்சுப் போடுற வேலை கிடையாதும்மா. நெய்யறவர் இப்படி எதிருலயே உக்காந்திருப்பாரு. பதினஞ்சு நாள் வூட்டுல எல்லாரும் சேர்ந்து உழைச்சுக் கொண்டாந்திருப்பாரு. அவர் மூஞ்சியப் பாத்ததும் நீ 'நல்ல புடவை'ன்னு சொல்லிடுவ. கண்ணு இருந்து என்னா பண்றது?"

அவர் சொன்னது சரி. பதினான்கு வருடமாக நான் எதிலிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதை, என்னைப் பார்த்து அரை மணி நேரமான ஒருவர் சொல்லிவிட்டார். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்த நீலப்புடவையில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தியிலிருந்து நாலாவது மடிப்பில் ஓரிடத்தில் நீலம் வெளுத்திருந்தது. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கை மஞ்சள் நூலைத் தேடியது. நூல் இல்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை வைத்தேன். "இங்க சாயம் மாறியிருக்குதுங்க."

நெசவாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"வெளிச்சத்துல பாருங்க."

"ஏம்மா, நீ கட்டினு இருக்குறதே மிஷின் புடவைன்னு இப்பதான் சொன்ன. என் புடவையில குறை கண்டுபுடிக்கிறியா?"

காது இரண்டும் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இடம் தவறிவிடும் என்று பயம். விரலை வைத்தபடியே புடவையை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அவரும் கூடவே வந்தார். வெயிலில் பிடித்தேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறுவதை மிக அருகில் பார்த்தேன். அதைப் பார்ப்பது நன்றாக இல்லை.

"நாலு விரக்கடை இருக்கும்" என்றார், சண்டை போடுகிற குரல் போய்.

"ஆமாங்க. வேற தடவை சாயம் போட்ட பட்டு மாத்துன இடமா இருக்கும்."

"ஆமா. பொண்ணுக்குக் காய்ச்சலு. நாடாவுக்கு நூல் நானே சுத்துனேன், கவனிக்கல."

நல்ல புடவை என்று சொல்லிவிடலாமா என்று அந்த நொடியில் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன், தோன்றியது. சொல்லவில்லை. பேசாமல் மடித்துக் கொடுத்தேன்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரிடம் அந்தப் புடவையை என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார். நான் வாசலிலேயே நின்றேன். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஒம்பதரைக்கு வா. ஒரு நாள் பாக்குறேன். அப்புறம்தான் சேத்துக்கிறதா இல்லையான்னு சொல்லுவேன்" என்றார். "வேற புடவை கட்டினு வா."

சாயங்காலம் அக்காவிடம் புடவையைக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தாள். "மடிச்சது மட்டும் அசல் பட்டு மாதிரி மடிச்சிருக்க" என்று சொல்லி உள்ளே போட்டாள். சம்பந்தியிடம் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

மகளிடம் சொன்னேன். "ஒரு நாள்தானேம்மா பாக்கறாங்க. சேத்துக்கிட்டாங்கன்னு சொல்லலியே?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ ஃபார்ம் பையிலேயே இருக்கட்டும்" என்றாள். நான் பீரோவைத் திறந்து, ஒரு காட்டன் புடவையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, திரும்ப மடித்து வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கே போய்விட்டேன். ஆறு புடவைகள் வந்தன. இரண்டைத் திருப்பினேன். அதில் ஒருவர் என்னிடம் பேசாமலே எழுந்து போனார். மாலையில் அந்த அம்மா திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும், மகள் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த இரண்டு போட்டோவையும் பிய்த்து எடுத்து வைத்துக்கொண்டாள்.